600 எம்எம்மில் சாஃப்ட்பால் படங்கள் 10 மணிக்கு மேல் மங்கலாகின்றன

வேளச்சேரி பக்கம் ஒரு செம்மண் மைதானம். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா பாடி, 150-600 எம்எம் ஜூம் லென்ஸ், மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்). லெஃப்ட் ஃபீல்டு (பேட்டர் பக்கமிருந்து பார்த்தால் இடப்புற வெளிமைதானம்) வேலிக்கு வெளியேதான் நிற்க அனுமதி. பேட்டர் சுமார் 60 மீட்டர் தூரம். காலை 7 மணிக்கு ஹெல்மெட் கம்பி வரை துல்லியம். 10 மணிக்கு மேல் முகம் மெழுகாக உருகுகிறது, அதுவும் ஒரே பர்ஸ்ட்டில் (தொடர் க்ளிக்கில்) ஒரு ஃப்ரேம் தேறினால் அடுத்தது போச்சு. வெயில் ஏறியதிலிருந்து இப்படித்தான்.

ஷட்டர் 1/2500 நொடி, ஸ்டெபிலைசர் (கை அதிர்வைத் தணிக்கும் வசதி) ஆஃப், யூவி ஃபில்டர் கழற்றியாச்சு, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8-ம் வைத்தாச்சு. பலனில்லை. அதே நேரத்தில் 15 மீட்டரில் நிற்கும் ஃபீல்டர் ஷார்ப்பாக விழுகிறார். லைவ் வியூவில் (கேமரா திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) 10 மடங்கு பெரிதாக்கினால் ஹோம் பிளேட் (பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டு) நெளிகிறது. ஆக லென்ஸ் கோளாறு இல்லை, தரைச்சூட்டில் காற்று நெளிவதுதான் என்பது என் கணிப்பு.

வேலியை ஒட்டி சிமென்ட் கேலரி இருக்கிறது. மேல்படியிலிருந்து எடுத்தால் நெளிவு குறையுமா, இல்லை லென்ஸுக்கு நேர் கீழே இருக்கும் சிமென்ட் சூடு இன்னும் கெடுக்குமா?