டெர்மினேட்டர்: வராமலே போன பாகங்கள், உங்க அனுபவம் என்ன?

இரவுக்காட்சி:
எதிர்காலத்தில் மனுஷங்களோட போர் நடத்தற ஸ்கைநெட்ங்கிற கம்ப்யூட்டர், தன்னை எதிர்க்கிற தலைவன் ஜான் கானரையும் அவன் அம்மா சாராவையும் கொல்ல மனுஷ உருவ இயந்திரங்களைக் கடந்த காலத்துக்கு அனுப்பற கதைதான் டெர்மினேட்டர். அந்த வரிசையில் திரைக்கு வந்த படம் ஆறு. வரப்போகுதுன்னு சொல்லி வராமலே போன படமும் ஆறு. 2009-ல் சால்வேஷன் வந்தப்போ, இது மூணு படத்தில் முதல் படம்னு சொன்னாங்க. 2015-ல் ஜெனிசிஸுக்கும் அதையேதான் சொன்னாங்க. அந்தப் படம் வெளியாகறதுக்கு முன்னாடியே அடுத்த ரெண்டுக்கும் 2017 மே 19, 2018 ஜூன் 29னு தேதி குறிச்சிட்டாங்க. 2019-ல் டார்க் ஃபேட், அதுக்கும் மூணு படத் திட்டம். மூணு தடவையும் முதல் படத்தோட கடையைச் சாத்தினாங்க.

நான் ஜெனிசிஸைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். ஜான் கானரே இயந்திரமா மாறிட்டான்ங்கிற பெரிய திருப்பத்தை ட்ரெய்லரிலேயே காட்டிட்டதால, அந்த இடம் வந்தப்போ தியேட்டரில் ஒரு சலனமும் இல்லை. எனக்குப் பிடிச்சிருந்தது வேற விஷயம். ஒன்பது வயசு சாராவைக் காப்பாத்த 1973-க்கு ஒரு டெர்மினேட்டரை யாரோ அனுப்பியிருக்காங்க. அவளுக்கு அது அப்பா மாதிரி. அனுப்பினது யாருன்னு தெரிஞ்சுக்கறதுக்காகவே பெயர்கள் ஓடி முடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு குட்டிக் காட்சி வந்தது, கீழ்த்தளத்தில் எதிரி இன்னும் உயிரோட இருக்கான்னு காட்டினாங்க. என் கேள்விக்குப் பதில் இல்லை. அதை அடுத்த படத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்க. அடுத்த படமே வரலை. அந்தக் கேள்வி இன்னிக்கும் அப்படியே நிக்குது, அது எனக்கு வலிக்குது.

இந்த வரிசையோட உங்களுக்கு நடந்த சந்திப்பு எதுவானாலும் எழுதுங்க. தியேட்டரா, டெக்கா, டிவியா, வேற எங்கேயாவதா, எதுவும் சரி.

கேபின்பையன்:
எங்கப்பா தென்மாவட்டத்து டவுன் தியேட்டர் ஒண்ணில் ஆப்பரேட்டர். அப்பல்லாம் இங்கிலீஷ் படம்னா காலைக்காட்சிதான். பெரிய ஊர்களெல்லாம் சுத்தி, கோடு விழுந்து, அங்கங்கே வெட்டுப்பட்டுத்தான் எங்க ஊருக்குப் பிரிண்ட் வரும். டெர்மினேட்டர் ரெண்டாம் பாகம் அப்படித்தான் வந்தது. நான் கேபின் ஓட்டை வழியா பார்த்தேன்.

கீழே இருந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வசனம் புரியாது. மார்க்கெட்டில் மூட்டை இறக்கிட்டு நேரா வந்தவங்க. ஆனா கதை புரியாதவங்கன்னு ஒருத்தரும் இல்லை. போலீஸ் உடுப்பில் வர்றவன்தான் கெட்டவன், முதல் படத்தில் கொல்ல வந்த அர்னால்ட் இப்போ பையனைக் காப்பாத்த வந்திருக்கார், இது ஷாப்பிங் மால் நடைபாதையில் ரெண்டு பேரும் எதிரெதிரா வர்ற அந்த ஒரே காட்சியில் எல்லாருக்கும் விளங்கிடுச்சு. அந்தப் போலீஸ் உடுப்புக்காரனுக்கு உருகி உருகி மாறற வெள்ளி உடம்பு. மனநல ஆஸ்பத்திரியில் அவன் கம்பிக் கதவுக்குள்ள புகுந்து வர்றான். உடம்பு வந்துடுது, கையிலிருந்த துப்பாக்கி மட்டும் கம்பியில் தட்டி நிக்குது. அந்தச் சத்தத்துக்குத் தியேட்டரே மூச்சு வாங்கினதை நான் மேலே இருந்து கேட்டேன். அப்பா அந்த ரீல் ஓடும்போது மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நின்னு பார்ப்பார். புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு எரியற கார்பன் குச்சியைச் சரி பண்ற நேரம் போக அவர் எந்தப் படத்துக்கும் அப்படி எழுந்து நின்னதில்லை.

கடைசியில் அர்னால்ட் உருக்கு உலைக்குள்ள இறங்கினப்போ அழுதவங்க உண்டு. படம் முடிஞ்சு வெளியே வந்த யாரும் அடுத்த பாகம் எப்போன்னு கேட்கலை. கதை முடிஞ்சுதுன்னு நம்பித்தான் வீட்டுக்குப் போனாங்க. அந்த நிறைவு எனக்கு மூணாம் பாகத்திலிருந்து எதிலுமே கிடைக்கலை.

யாழ்வாசகி:
நான் முதலாவது படத்தைப் பற்றி எழுதுறன். ஆரும் அதைச் சொல்லேல்ல.

95 ஒக்டோபரில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டனாங்கள். பிறகு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில மாமா வீட்டில டெக் போட்டுப் பாத்த முதல் இங்கிலிஷ் படங்களில இதுவும் ஒண்டு. மாமான்ர பெடியள் துவக்குச் சண்டைக்காகப் போட்டவங்கள். எனக்கு அதில ஒரு காட்சி இண்டைக்கும் மறக்கேலாது. சாராவைக் காப்பாத்த எதிர்காலத்தில இருந்து வந்த கைல் ரீஸ், தான் விட்டிட்டு வந்த அந்தக் காலத்தை நினைக்கிறான். நிலத்துக்குக் கீழ பங்கருக்குள்ள சனம் இருக்குது. ரெண்டு சின்னப் பிள்ளையள் ரீவிக்கு முன்னால இருக்கினம், முகத்தில வெளிச்சம் விழுது. கமரா சுத்தி வர, ரீவிக்குள்ள படம் இல்லை, உள்ளுக்கு நெருப்பு எரியுது. பெட்டி வெறும் கோது.

பங்கருக்குள்ள இருந்த பிள்ளையள் என்ன செய்வினம் எண்டு அந்தப் படத்தை எடுத்தவருக்கு எப்பிடித் தெரிஞ்சது எண்டு நான் யோசிச்சனான். எங்கட வீட்டிலயும் கரண்ட் இல்லாத ரீவி ஒண்டு வருசக்கணக்கா துணி மூடி இருந்தது. வாசலில நாய் குரைச்சாத்தான் ஆரோ வாறாங்கள் எண்டு தெரியும். படத்திலயும் நாய்தான் முதல் குரைக்குது, பிறகுதான் அது மனிசன் இல்லை எண்டு தெரியுது. மாமான்ர பெடியள் சிரிச்சுக்கொண்டு பாத்தவங்கள். நான் எழும்பி முற்றத்துக்குப் போயிட்டன்.

சால்வேஷன் முழுக்க அந்த எதிர்காலத்தில நடக்கிற கதை எண்டு கேள்விப்பட்டு, லண்டனில ஆசையாப் போய்ப் பாத்தனான். அதில பெரிய பெரிய இயந்திரங்கள் எல்லாம் இருக்குது. அந்த ரெண்டு பிள்ளையளும் இல்லை.

ஃப்ரீமான்ட்வாசி:
@யாழ்வாசகி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணலை.

என் சந்திப்பு ஒரு கட்டடத்தோட. ரெண்டாம் பாகத்தில், ஸ்கைநெட் உருவாகக் காரணமான சைபர்டைன் கம்பெனியா வர்ற கட்டடத்தை எடுத்தது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில். நம்மாளுங்க நெருக்கமா இருக்கிற ஊர், சரவணபவனும் கோயிலும் பாட்டு கிளாஸும் பக்கம் பக்கமா இருக்கிற வட்டாரம். வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு மதியம் நண்பர் காரை நிறுத்தி, இதுதான் அதுன்னு காட்டினார். ரொம்பச் சாதாரணமான கண்ணாடிக் கட்டடம். அந்தப் பேட்டை முழுக்க அப்படித்தான் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் போனப்போ க்ரிஃபித் வானாய்வகத்துக்கும் போனேன். முதல் படத்தில் அர்னால்ட் வந்து இறங்கற இடம், கீழே நகரம் முழுக்க விளக்கா தெரியும். அங்கே எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இந்தக் கட்டடத்துக்கு முன்னாடி நின்னப்போ வந்தது வேற.

காரணம் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிற மைல்ஸ் டைசன். ஜோ மார்ட்டன் நடிச்ச பாத்திரம். அவர் கெட்டவர் இல்லை. நம்மளை மாதிரி ஒரு இஞ்சினியர். குடும்பத்தோட இருக்க வேண்டிய நேரத்திலும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பார். தான் செய்யற வேலையிலிருந்து முந்நூறு கோடி பேர் சாகப் போறாங்கன்னு தெரிஞ்சதும் உடைஞ்சு போறார். பிறகு தன் ஆபீஸைத் தானே அழிக்க வர்றார். மூச்சுத் திணறிக்கிட்டே வெடியின் விசையை அழுத்தாமப் பிடிச்சிருக்கிற அந்தக் காட்சியை, இப்போ நான் பார்க்கிற வேலையில் இருந்துக்கிட்டுப் பார்க்க முடியலை. பின்னாடி வந்த படங்களில் ஸ்கைநெட் இருக்கு, அதே மாதிரி லீஜியன்னு இன்னொண்ணு இருக்கு, ஜெனிசிஸ்னு ஒரு மென்பொருள் இருக்கு. அதைக் கட்டின மனுஷனோட மனசாட்சி எதிலும் இந்த அளவுக்கு இல்லை. எனக்குத் தொடர்ச்சியா ஒரு படம் வேணும்னா அந்த மனுஷனைப் பற்றித்தான் வேணும்.

நேருஸ்டேடியம்:
சின்ன அனுபவம்தான். 2014 செப்டம்பரில் சென்னையில் ‘ஐ’ பட இசை வெளியீட்டுக்கு அர்னால்ட் வந்தார். நான் பின் வரிசையில். மேடையில் ஆணழகர்கள் நின்னாங்க, அவங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது பெரிய திரையில் தெரிஞ்சது. ஜெனிசிஸ் படப்பிடிப்பை முடிச்சிட்டு வந்த நேரம். பக்கத்திலிருந்த பெரியவர், “இவர் இன்னும் ரெண்டு தடவை வருவாராம் தம்பி”ன்னு சொன்னார், அடுத்த பாகங்களைத்தான் சொன்னார். அந்த நம்பிக்கையோட அன்னிக்கு நாங்க எல்லாரும் கத்தினோம்.

சிலிக்கான்கை:
நான் சினிமாவுக்கு முகமூடி, செயற்கைத் தோல் செய்யற ஆள். எனக்கு இந்த வரிசைன்னா ஸ்டான் வின்ஸ்டன். முதல் ரெண்டு படத்தோட இயக்குநர் ஜேம்ஸ் காமரூனுக்கு ரோமில் காய்ச்சலில் கிடந்தப்போ கனவில் வந்த, நெருப்பிலிருந்து தவழ்ந்து வர்ற அந்த இரும்பு எலும்புக்கூட்டை நிஜமா செஞ்சு கொடுத்தவர். முதல் படத்தோட மொத்தச் செலவே சுமார் 64 லட்சம் டாலர், அதுக்குள்ளதான் அவர் வேலையும்.

1991-ல் வந்த ரெண்டாம் பாகத்தைக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் படம்னு எல்லாரும் சொல்றாங்க. கிராஃபிக்ஸ் கம்பெனி ஐ.எல்.எம். செஞ்சது அற்புதம், மறுக்கலை. ஆனா கம்ப்யூட்டர் ஷாட் நாற்பதுக்குக் கொஞ்சம் மேலதான். வெள்ளி உடம்புக்காரனா வர்ற ராபர்ட் பேட்ரிக் உடம்பில் குண்டு பட்டதும் வெள்ளிப் பூ மாதிரி விரியுதே, அதெல்லாம் சட்டைக்குள்ள மடக்கி வெச்சு, விசை தட்டினதும் திறக்கற பொருள்கள். பிளந்த தலை, ரெண்டா வாய் திறந்த உடம்பு, எல்லாம் கையால் செஞ்ச பொம்மை. சாராவா நடிச்ச லிண்டா ஹாமில்டன் ரெண்டு பேரா தெரியற இடத்துக்கு அவங்களோட இரட்டைச் சகோதரியையே நிக்க வெச்சாங்க. நான் தொழில் கத்துக்கிட்டது அந்தப் படத்தை டிவிடியில் ஃபிரேம் ஃபிரேமா நிறுத்திப் பார்த்துத்தான்.

வின்ஸ்டன் 2008 ஜூனில் போயிட்டார். சால்வேஷனை அவருக்குத்தான் சமர்ப்பணம் பண்ணினாங்க. அவர்கிட்ட வேலை பார்த்தவங்க ஆரம்பிச்ச லெகசி எஃபெக்ட்ஸ்தான் நம்ம ‘எந்திரன்’ படத்துக்கும் வேலை செஞ்சது. சிட்டியோட முகத்தில் நான் அந்தப் பரம்பரையைப் பார்த்தேன். தமிழ்ப் படத்தில் அந்தக் கை பட்டிருக்குங்கிறதில் எனக்குப் பெருமை உண்டு.

வழக்கறிஞர்:
ஏன் மூன்று முறையும் முதல் படத்தோடு நின்றது என்ற கேள்வி இரவுக்காட்சி எழுதியதைப் படித்தால் எழும். பதில் திரைக்கதையில் மட்டும் இல்லை, உரிமைப் பத்திரத்திலும் இருக்கிறது. நான் பதிப்புரிமை வழக்குகள் பார்ப்பவன், இந்த வரிசையை அந்த வழியாகத்தான் சந்தித்தேன்.

தானே இயக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதல் கதையின் உரிமையை ஜேம்ஸ் காமரூன் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார். அங்கேதான் கதை அவர் கையை விட்டுப் போனது. இரண்டாம் பாகத்துக்குக் கரோல்கோ என்ற பட நிறுவனம் வாங்கியது. அது திவாலானது. அதன் நிறுவனர்கள் காஸரும் வாய்னாவும் மறுபடி வாங்கி 2003-ல் மூன்றாம் பாகம் எடுத்தார்கள். 2007-ல் ஹால்சியன் என்ற நிறுவனம் வாங்கி, சால்வேஷன் எடுத்து, 2009-ல் திவால். 2010-ல் ஏலம், பசிஃபிகார் என்ற முதலீட்டு நிறுவனம் 2.95 கோடி டாலருக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே தயாரிப்பாளர் மேகன் எலிசனிடம் போனது.

இப்போது கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் பாகத்தில் போர் மூண்டுவிடுகிறது. சால்வேஷன் அதன் பிறகு நடக்கிறது. ஜெனிசிஸ் 1984-க்கே திரும்பிப் போய் எல்லாவற்றையும் மாற்றுகிறது. டார்க் ஃபேட் முதல் இரண்டை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றதை இல்லை என்கிறது. புதிதாக வாங்கியவர் பெரும் பணம் கொடுத்திருக்கிறார், ஒரு படத்தில் அது திரும்பாது, அதனால் மூன்று. முந்தையவர் கதையைத் தொடர்ந்தால் முந்தையவர் தோல்வியையும் சுமக்க வேண்டும், அதனால் முதலிலிருந்து. கதாபாத்திரங்கள் காலத்தில் பின்னால் போய் எதையோ அழிப்பதும், உரிமையாளர்கள் முந்தைய படங்களை அழிப்பதும் ஒன்றாகவே நடந்திருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி, எழுதிக் கொடுத்த உரிமையை 35 ஆண்டுகள் கழித்துப் படைப்பாளி அந்த நாட்டுக்குள் திரும்பக் கோரலாம். 1984-லிருந்து எண்ணினால் 2019. காமரூன் தயாரிப்பாளராக இந்த வரிசைக்குத் திரும்பிய டார்க் ஃபேட் வெளியான ஆண்டும் அதுதான்.

சாராவின்தங்கை:
டிவி தொடரை மறந்துட்டீங்க. த சாரா கானர் கிரானிக்கிள்ஸ், 2008, 2009. லீனா ஹெடி சாரா, சம்மர் க்ளாவ் பெண் இயந்திரம். ரெண்டு பருவம், 31 பகுதி. நான் ஹாஸ்டலில் ஒரு சீனியரோட ஹார்ட் டிஸ்கில் வாங்கிப் பார்த்தேன். தூங்காம எப்பவும் பையனுக்காகக் கவலைப்பட்டுக்கிட்டே, கோபத்தோட வாழற ஒரு அம்மாவை இந்த அளவுக்கு எந்தப் படமும் காட்டலை. அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவ நான், எங்கம்மாவைத்தான் அதில் பார்த்தேன். கடைசிப் பகுதியில் ஜான் எதிர்காலத்துக்குப் போறான், அங்கே அவன் பேரைக் கேள்விப்பட்டவங்ககூட யாரும் இல்லை. அதோட நிறுத்திட்டாங்க. ஆறு படம் வராததைவிட எனக்கு அந்த மூணாவது பருவம் வராததுதான் இழப்பு.

டார்க் ஃபேட்டில் ஆரம்பத்திலேயே பையன் ஜானைச் சுட்டுக் கொன்னதை நான் இன்னும் மன்னிக்கலை. தியேட்டரில் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இரவுக்காட்சி:
எல்லாத்தையும் படிச்சேன். @சாராவின்தங்கை, அந்தக் காட்சியில் எனக்கும் உங்க கோபம்தான். ஆனா லிண்டா ஹாமில்டன் நரைச்ச முடியோட பாலத்து மேல வந்து காரை நிறுத்தி இறங்கின இடத்துக்கு எங்க தியேட்டரில் எழுந்த கைதட்டல் உண்மையானது. அந்த அம்மாவுக்காகவாவது படம் நல்லா போயிருக்கணும். உலகம் முழுக்கச் சுமார் 26 கோடி டாலர்தான் வசூல். செலவுக்குக் காணலை.

@கேபின்பையன் சொன்ன நிறைவைப் பற்றி ஒரு தகவல். ரெண்டாம் பாகத்துக்குக் காமரூன் இன்னொரு முடிவும் எடுத்திருந்தார். 2029, ஒரு பூங்கா, சாரா பாட்டியாகிட்டா, ஜான் செனட்டர், பேத்தி விளையாடுது, போர் வரவே இல்லை. அதை வெட்டிட்டு இரவு நேரத்துச் சாலையோட முடிச்சார். வெட்டின காட்சியை டிஸ்க்குகளில் கூடுதலா போட்டிருக்காங்க, தேடிப் பாருங்க. அது படத்தில் இருந்திருந்தா மூணாம் பாகம்னு ஒண்ணை யாரும் தொட்டிருக்க முடியாது. சாலை முடிவுதான் அழகுன்னு நான் நினைக்கிறேன், ஆனா மத்த எல்லாத்துக்கும் கதவு திறந்தது அங்கேதான்.

2024 ஆகஸ்ட் 29 அன்னிக்கு நெட்ஃபிளிக்ஸில் டெர்மினேட்டர் ஜீரோ வந்தது. கதையில் உலகம் அழியற அதே ஆகஸ்ட் 29. டோக்கியோவில் நடக்கிற அனிமே, எட்டுப் பகுதி, மேட்சன் டாம்லின் எழுதினது. பழைய ஆட்கள் ஒருத்தரையும் கூப்பிடாம புதுசா ஒரு குடும்பத்தைச் சொன்னது எனக்குப் பிடிச்சது. அதுவும் ஒரே பருவத்தோட நின்னுடுச்சு.

இப்போ காமரூன் புதுக் கதை எழுதறார். நிஜ உலகத்து செயற்கை அறிவு ஓடற வேகத்தில் எழுதறது கஷ்டமா இருக்குன்னு அவரே சொல்லியிருக்கார். @ஃப்ரீமான்ட்வாசி சொன்ன டைசனும் @யாழ்வாசகி சொன்ன அந்த ரெண்டு பிள்ளைங்களும் அதில் இருக்கணும்னு ஆசைப்படறேன். அறிவிப்பு வந்ததும் நடிகர் யாருன்னு நான் தேட மாட்டேன். எத்தனை படம்னு சொல்றாங்கன்னுதான் பார்ப்பேன். ஒண்ணுன்னு சொன்னா முதல் நாள் டிக்கெட் எடுப்பேன்.