இழை: இரும்பேற்றிய உயிர்க்கரியும் ராணிப்பேட்டை மண்ணும் – மாங்கனீசுக்குப் பதில் எங்கே?

பாலாற்றங்கரையான்:
“இரும்பேற்றிய உயிர்க்கரியை (தாவரக் கழிவைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுக்கும் கரி) மண்ணில் கலந்துவிட்டால் ராணிப்பேட்டையின் குரோமிய மண் ஒரே பருவத்தில் உழவுக்கு வந்துவிடும்” என்று நண்பர் கரிமூட்டம் வேறோர் இழையில் எழுத, பலரும் அதைப் பாராட்டியிருக்கிறார்கள். படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இருந்த ஊர் அது. நச்சு மிகுந்த குரோமியம் ஆறினை (+6 ஆக்சிஜனேற்ற நிலை) இரும்பும் கரியும் சேர்ந்து எலக்ட்ரான் தந்து, நச்சு குறைந்த குரோமியம் மூன்றாக (+3) ஒடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் இயல்பாகவே உள்ள மாங்கனீசு ஆக்சைடு அந்த மூன்றினைத் திரும்பவும் ஆறாக்குமே, அதற்கு என்ன செய்வதாக உத்தேசம்?

கரிமூட்டம்:
ஐயா, பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது தங்களுக்குப் புதிதல்ல; சீமைக்கருவேலம் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள். நான் பேசியது ஆலைக் கழிவுக் குவியலைப் பற்றியன்று, சுற்றியுள்ள வயல்களைப் பற்றி. சாதாரணக் கரியின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை மிகுதி என்பதால் அது ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்துக்கொள்ளும், குரோமியம் ஆறு கரைந்திருக்கும் வடிவமான, தானும் எதிர்மின்சுமை கொண்ட குரோமேட்டையோ தள்ளிவிடும். அதனால்தான் ஃபெரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்பின் கரைசலில் ஊறவைத்து, காற்றுப் புகாமல் சுட்டு, இரும்பேற்றுகிறார்கள். மாங்கனீசு எல்லா மண்ணிலும் இருக்கிறது. அதற்காக யாரும் ஆய்வை மூட்டை கட்டி வைத்துவிடவில்லை.

பாலாற்றங்கரையான்:
மாங்கனீசு எல்லா மண்ணிலும் இருக்கிறது என்பதுதானே என் கேள்வியே! அதையே எனக்குப் பதிலாகத் திருப்பித் தருகிறீர்கள். மேலும், அந்த இழையில் தாங்கள் பரிந்துரைப்பது இராமநாதபுரத்து மூட்டக்கரி, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுட்ட கரி. மூட்டத்தின் நடுவில் ஒரு வெப்பம், ஓரத்தில் வேறொரு வெப்பம். 300 பாகையில் வெந்ததும் 700 பாகையில் வெந்ததும் ஒரே சாக்கில் வரும். அதன் குணம் இன்னதென்று எவர் உறுதி தருவது?

வேதியியல் வாசகி:
குரோமியம் மூன்று முதலில் கரைந்தால்தான் மாங்கனீசு ஆக்சைடின் மேற்பரப்பை அடைய முடியும். இரும்புடன் சேர்ந்து படிந்த அதன் ஹைட்ராக்சைடு, நடுநிலையிலும் இலேசான காரத்திலும் மிகச் சொற்பமாகவே கரையும். ஆகவே தாங்கள் அஞ்சும் ஆக்சிஜனேற்றம் நடக்கும், ஆனால் மிக மெதுவாக.

பாலாற்றங்கரையான்:
நடக்கும் என்று ஒப்புக்கொண்டமைக்கு நன்றி, அம்மா. வயல்மண்ணில் அது நடப்பதை 1979இலேயே மண் ஆய்வாளர்கள் பார்ட்லெட்டும் ஜேம்ஸும் காட்டிவிட்டார்கள். பயிர் வைத்தால் வேர்கள் சிட்ரிக் அமிலம் போன்றவற்றைச் சுரக்கும். அவை குரோமியம் மூன்றினைக் கரைசலிலேயே பிடித்துவைத்து, மாங்கனீசிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். உழவுக்கு விடுவதற்காகச் சுத்திகரித்த நிலத்தில், அந்த உழவே நஞ்சை எழுப்பினால் என்ன பயன்?

வேதியியல் வாசகி:
நான் எழுதியதில் “மெதுவாக” என்பது மட்டும் தங்கள் கண்ணில் படவில்லை போலும். அதே வேர்ச்சுரப்பும், மண்ணில் உள்ள மட்கிய கரிமப்பொருளும் குரோமேட்டை ஒடுக்கவும் செய்யும். மாங்கனீசு ஆக்சைடையும் ஒடுக்கும். ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி முடியும்?

சுண்ணாம்புக்கல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குரோமைட் தாதுவைச் சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து வறுத்த ஆலைக் கழிவு கடுங்காரமானது. அதன் காரகாடித்தன்மை (pH) 11க்கும் மேலே போவதுண்டு. அந்நிலையில் இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பே எதிர்மின்சுமை பெற்றுவிடுவதால், ஃபெரிக் குளோரைடில் ஊறிய கரி அங்கே குரோமேட்டைப் பிடிக்காது. ஒடுக்கும் திறனுள்ள உலோக இரும்பையோ சல்பைடையோ ஏற்றிய கரிதான் வேண்டும். அதுவும், கழிவுத் துகளின் உள்ளே அடைபட்டிருந்து பல ஆண்டுகள் கசியும் குரோமேட்டை எட்டாது. மாங்கனீசுக்கு முன்பே பேச வேண்டியது இதுவல்லவா?

கரிமூட்டம்:
மூட்டக்கரியைக் குறை சொல்லும் பெரியவர், உலையில் சுட்ட கரியின் விலையை விசாரித்ததுண்டா? ஒரு எக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழ மேல்மண் ஏறத்தாழ 2,000 டன். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்றாலும் 40 டன் கரி வேண்டும். அதை எந்த ஆய்வகம் சுட்டுத் தரும்? மண்ணை வெட்டியெடுத்து அப்புறப்படுத்துவதைத் தவிர வேறெதையும் ஏற்காத தங்களுக்குக் கரி விற்பவனெல்லாம் திருடனாகத்தான் தெரிவான்.

பாலாற்றங்கரையான்:
திருடன் என்று நான் எங்கும் எழுதவில்லை. தாங்களே சூட்டிக்கொண்டதற்கு நான் பொறுப்பல்ல. வெட்டியெடுத்தால் மண்ணோடு குரோமியமும் அந்த நிலத்தை விட்டுப் போகும். கரி கலந்தாலோ ஒரு கிராம்கூடக் குறையாமல் அங்கேயே கிடக்கும், கூடவே மாங்கனீசும் கிடக்கும். இந்த 40 டன் கரியில் மாங்கனீசைத் தடுக்கும் பகுதி எது என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

வேதியியல் வாசகி:
வெட்டியெடுத்த மண்ணை எந்த ஊரில் கொட்டுவதாக உத்தேசம், ஐயா? அந்த ஊர் மண்ணில் மாங்கனீசு இல்லையோ?

பாலாற்றங்கரையான்:
கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. அடியில் தடுப்பு விரிப்புடன் அமைத்த நச்சுக்கழிவுக் கிடங்கும் வயலும் ஒன்று என்று கருதுவோருடன் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது? முதலில் மாங்கனீசு, பிறகு மற்றவை.

கரிமூட்டம்:
சீமைக்கருவேல இழையிலும் இப்படித்தான், நிலத்தடி நீரை விட்டு நகரவே இல்லை. அங்கே நான் கேட்டதற்கு இன்றுவரை தாங்கள் பதில் எழுதவில்லை. அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.