அப்பாவுக்குப் பெருந்தமனி ஆபரேஷன்: சிறுநீரகம் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்குப் பாம்பன். அப்பாவுக்கு 67 வயது, 40 வருடம் கடலுக்குப் போனவர். வயிற்றில் பெருந்தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) 6 செ.மீ. அளவுக்கு வீங்கியிருக்கிறது. மதுரையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.8, இருக்க வேண்டியதைவிட அதிகம். சிறுநீரகத்துக்குப் பிரியும் குழாய்க்கு மேலே கிளாம்ப் (ரத்தத்தை நிறுத்தும் இடுக்கி) போட வேண்டி வந்தால், அவ்வளவு நேரமும் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகாது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அந்தக் காகிதம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

வலை இழுத்த தோள்வலிக்கு அப்பா தினமும் போட்ட டைக்ளோஃபெனாக்கை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம், முன்பே தெரியாமல் போச்சு.

சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்து (அந்தச் சாயமும் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாமாம்) எத்தனை நாள் கழித்து உங்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள்? கிளாம்ப் போட்ட நேரத்தில் குளிர்ந்த திரவம் செலுத்திச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்களா? டயாலிசிஸ் தேவைப்பட்டதா, அப்புறம் நின்றதா? கூட இருந்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் கேள்விகளை எழுதி வைக்க வேண்டும்.