மலேசியத் தமிழ்த் தேவாலயங்களுக்குப் புதிதாக வந்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் வரவேற்பாளர்

ஞாயிறு காலை தமிழ் ஆராதனை. கடைசி வரிசையில், கதவோரம், சாப்பாட்டுக் கடைச் சட்டையோடு ஒரு தம்பி. அறிவிப்பு நேரத்தில் வழக்கம்போல "முதல் தடவை வந்திருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார்கள். மைக் அவர் கைக்குப் போனது. பெயரைச் சொன்னார், ஊர் புதுக்கோட்டை என்றார். "இங்க எந்தக் கடையில வேலை தம்பி?" என்று முன்னாலிருந்து கேட்டதும் மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். சபை கைதட்டியது, வரவேற்புப் பாட்டும் பாடியது. பிரசங்கம் தொடங்கும்போது அந்த நாற்காலி காலி.

தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் கடைத் தம்பிகளுக்கு ஞாயிறுதான் வேலை அதிகம். அரை மணி நேரம் கேட்டு, சிலர் கேட்காமலேயே, வருகிறார்கள். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கும். அதே கடையில் தோசை சாப்பிடுகிறவர்கள் சபையில் எத்தனை பேர்! மைக்கில் கடைப் பெயரைச் சொன்னால் முதலாளி காதுக்குப் போய்விடும். மைக் வேண்டவே வேண்டாம். "புதிதாக வந்தவர்களுக்கு வரவேற்பு, முடிந்ததும் பக்கவாட்டு வாசலில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) இருக்கிறது" என்ற அறிவிப்பு போதும். கேட்க வேண்டியது பெயரும் ஊரும்தான். வேலை, பெர்மிட், சம்பளம், சாதி எதையும் கேட்காதீர்கள்.

பினாங்குத் தீவுப் பக்கம், நற்கருணைப் பணியாளர்

ஜூலை 26, புனித அன்னம்மாள் திருநாளுக்கு புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அவர் தேவாலயத்தில் சேரும் கூட்டம் தெரியும்தானே, இந்துக் குடும்பங்களும் மெழுகுவர்த்தியோடு வருவார்கள். இது அங்கே இல்லை, சாதாரண சனிக்கிழமை மாலைப் பூசையில் நடந்தது. நெற்றியில் விபூதியோடு ஓர் அம்மா வரிசையில் வந்து இரு கையையும் நீட்டி நற்கருணையை (பூசையில் அர்ச்சித்த அப்பம், அங்கேயே உட்கொள்ள வேண்டியது) வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பின்னால் நின்றவர் "அதைக் குடுங்கம்மா!" என்று சத்தம் போட, முடிச்சை அவிழ்க்க முடியாமல் அந்த அம்மாவின் விரல்கள் நடுங்கின. வீட்டில் கணவர் டயாலிசிஸில் இருக்கிறாராம். பிரசாதம் மாதிரி கொண்டுபோய்க் கொடுக்க நினைத்திருக்கிறார்.

கூட்டத்தில் பணியாளரின் கண் நீட்டிய கையில்தான் இருக்கும், முகத்துக்குப் போகாது. அதனால் வரிசை கிளம்புவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும்: "கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வரலாம், இரு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வாருங்கள், ஆசீர் தருவோம்." கொடுத்த பிறகு, வாயில் போடும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். யாராவது எடுத்துக்கொண்டு நகர்ந்தால் ஒரே ஒருவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்கட்டும். திரும்ப வாங்கியதைக் குருவானவரே உட்கொள்ளலாம். அழுக்காகியிருந்தால் தண்ணீரில் முழுவதும் கரையவிட்டு, அதற்குரிய தொட்டியில் ஊற்ற வேண்டும், சாதாரண சிங்க்கில் அல்ல. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். தீர்த்தம் ஒரு சிறு பாட்டிலில் கொடுக்கலாம். ஃபாதர் அவர்கள் வீட்டுக்கு வந்து ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் முகவரி வாங்கிக்கொள்ளலாம்.

செந்தூல் அங்கிள்

முதலில் எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. எழுந்து நிற்கச் சொல்வது அன்பால் வந்த வழக்கம். ஒரு பெரியவர் தொடர்ந்து நான்கு ஞாயிறு வந்தார், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது வாரம் பாட்டுப் புத்தகத்தைத் துடைத்து, பெஞ்சு நடுவில் நேராக வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அவரைக் காணோம். இதற்கு மைக் எவ்வளவோ மேல்.

வாசலில் ஓர் ஆண், ஒரு பெண், ஆராதனைக்கு 20 நிமிடம் முன்பிருந்து முதல் வேதவாசிப்பு முடியும்வரை நிற்க வேண்டும். பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே போய்விடுகிறார்கள், புதியவர் வருவதே அப்போதுதான். கடைசி இரண்டு வரிசையும் ஓரத்து இருக்கைகளும் காலியாக இருக்கட்டும், சபையார் முன்னால் உட்காரட்டும். கார் நிறுத்துமிடத்தில் குடையோடு ஒருவர் நிற்கட்டும். டபுள் பார்க்கிங்கில் அடைபட்டு ஒரு மணி நேரம் நின்றவர் மறுவாரம் வரமாட்டார். காணிக்கைப் பை வரும்போது "விருந்தினர் போட வேண்டியதில்லை" என்று சொல்லுங்கள். ஆசீர்வாதம் முடிந்த முதல் மூன்று நிமிடம் சொந்தக்காரர்களோடு பேசக்கூடாது, அதற்குள்தான் புதியவர் வெளியேறுவார். நம்பர் கொடுத்தால் உடனே வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். திங்கட்கிழமை ஒரே ஒரு செய்தி, பெண்களுக்குப் பெண்களே அனுப்பட்டும். அச்சடித்த அழைப்பில் "முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்" என்ற வரி கட்டாயம். முஸ்லிம்களிடையே மதக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4) மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது என்று இளைஞர் ஐக்கியத்துக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஆயர் ஈத்தாம் தங்கச்சி

எல்லாரும் வாசலையே பேசுகிறீர்கள். நன்றாகத் தமிழ் பேசும் ஒரு பெண், பல்கலைக்கழக மாணவி. பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தாள். பாட்டு மூன்று மாறியது, பக்கம் மாறவே இல்லை. மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவள், தமிழில் எழுத்துக் கூட்டவும் தெரியாது. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் இரண்டு வரி தமிழ், கீழே அதே இரண்டு வரி ரூமியில் (ஆங்கில எழுத்தில்). நான்கு வரிக்கு மேல் போனால் பின்வரிசைக்குத் தெரியாது. ழ, ள, ல மூன்றையும் ஆளுக்கொரு விதமாக ரூமியில் எழுதிக் குழப்பாமல் ஒரே ஆள் எல்லாப் பாட்டையும் எழுதட்டும். ஆராதனைக்கு முன் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையைப் பாடவைத்துப் பாருங்கள், எங்கே தடுக்கிறதோ அங்கே திருத்துங்கள். வேதவாசிப்பையும் திரையில் போடலாம்.

பிரிக்பீல்ட்ஸ் வரவேற்பாளர்

அங்கிள், அந்தப் பெரியவருக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள். நீங்கள் சொன்ன மூன்று நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மைக் விஷயத்தில் மட்டும் மாறமாட்டேன்.

கடைத் தம்பிகளுக்குக் காலை ஆராதனையே ஒத்துவராது. மதியக் கூட்டம் ஓய்ந்து 3 மணிக்கு மேல்தான் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். அப்போது 40 நிமிட ஜெபக்கூட்டம், எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், வேலைச் சட்டையோடு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வைக்கலாம். சோறு வேண்டாம், வாரம் முழுக்க அதைத்தான் பரிமாறுகிறார்கள். சூடாக ஒரு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்), பிளக் பாயிண்ட் நாலைந்து, ஊருக்கு வீடியோ காலில் பேச வைஃபை. பாஸ்வேர்டைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.