வேலைக்குச் செல்லும் இளைஞர் தொடர்ந்து செய்யக்கூடிய தொண்டு: சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

இரவுப்பணியாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சுழல்முறையில் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும். கோயிலில் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி, தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல், தீபாவளிக்கு முன் வசதி குறைந்த குடும்பங்களுக்கு மளிகைப் பொருள் வழங்குதல் ஆகியவற்றில் இயன்றவரை கலந்துகொள்கிறேன். ஆனால் அவை அன்றோடு முடிந்துவிடுகின்றன; முகநூலில் படம் ஏறியதும் எல்லாரும் கலைந்துவிடுகிறோம். ஆண்டு முழுவதும் தொடரக்கூடிய, வேலை நேரம் மாறினாலும் கைவிட வேண்டியிராத ஒரு பணியைத் தேடுகிறேன். அத்தகைய பணியில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வகுப்பு நடக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு, அங்கே வரலாறு உட்பட பெரும்பாலான பாடங்களை மலாய் மொழியில் படிக்க வேண்டியிருக்கிறது. சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்த பின்னரே முதலாம் படிவத்துக்குச் செல்கிறார்கள். பாடம் புரியாமல் பின்தங்குகிறார்கள் என்று நாம் நினைக்கும் பிள்ளைகளில் பலர், உண்மையில், பக்கத்தைத் தடையின்றி வாசிக்க முடியாமல் பின்தங்குகிறார்கள்.

ஒரு பேரங்காடியில் காசாளராக வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்து, தமக்குக் கற்பிக்கத் தெரியாதே என்று தயங்கினார். இரண்டு சிறுவர்களை அவரிடம் ஒப்படைத்து, இலக்கணமும் வேண்டாம், தேர்வு வினாக்களும் வேண்டாம், அவர்கள் உரக்க வாசிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டால் போதும் என்றேன். அவர்களில் ஒருவன் தன் முறை வரும்போதெல்லாம் இருமத் தொடங்கிவிடுவான். அந்த இளைஞர் பாடநூலை மூடி வைத்துவிட்டு, மலாய் நாளிதழின் காற்பந்துப் பக்கத்தைக் கொண்டுவந்தார். முந்தைய இரவு ஆட்டத்தைப் பார்த்திருந்ததால், அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று பையனால் ஊகிக்க முடிந்தது, இருமல் நின்றது. பல மாதங்கள் கழித்துத்தான் வரலாற்று நூலுக்கு அவனைத் திருப்ப முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், விரைவான பலனை எதிர்பார்த்து யாரும் வர வேண்டாம்.

உங்கள் சுழல்முறைக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக் குழுவுக்கும் இரண்டு தொண்டர்களை அமர்த்துகிறோம். எந்தப் பக்கம் வரை வந்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி மண்டப அலமாரியில் வைத்துவிட வேண்டும். ஒருவர் இரவு வேலையில் இருக்கும் வாரத்தில் மற்றவர் அதைப் பார்த்துத் தொடர்வார். கதவுகள் திறந்திருக்கும், பெரியவர்கள் இருவராவது இருப்பார்கள், பெற்றோருக்கு வகுப்பு முடியும் நேரம் தெரியும். இம்மூன்றில் எதையும் நாங்கள் தளர்த்துவதில்லை. நாடளவில் பார்த்தால், 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பு இளைஞர்களையே ஆசிரியர்களாகக் கொண்டு வளர்ந்தது. எங்களுடையது அந்த அளவில் இல்லை. ஆயினும், பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைத்த பிறகுதான் தொடங்குவோம் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு அது போதிய சான்று.

செம்பனை லோரி ஓட்டுநர் எழுதியது:

நான் செய்வது வண்டியோட்டும் வேலையைத்தான், தொண்டிலும் அதுவே. எங்கள் தோட்டத்தில் முன்பு பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறும். தோட்டத்துக்குள் பேருந்து வருவதில்லை. பிள்ளைகளோ கோலாலம்பூரில் வேலை செய்கிறார்கள். தொடக்கத்தில் நல்ல மனம் படைத்த ஒருவர் எல்லாப் பயணங்களையும் தாமே ஏற்றுக்கொண்டார். சில மாதங்களில் களைத்துப்போய், சொல்லவும் முடியாமல், தொலைபேசியை எடுப்பதையே தவிர்த்தார். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஒருவரால் தாங்கக்கூடிய சுமையல்ல அது.

போக 3, வர 3 என்று வாரத்துக்கு 6 பயணங்களாகப் பிரித்து, புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குழு அமைத்து, ஆளுக்கு ஒரு பயணம் என்று வைத்துக்கொண்டோம். அடுத்த வாரத்துக்குத் தம்மால் எது முடியும் என்று ஒவ்வொருவரும் ஞாயிறு இரவுக்குள் எழுதிவிட வேண்டும். இரவு வேலை முடிந்து காலையில் வருபவரை அன்று நான் வண்டியோட்ட விடமாட்டேன். தம்பி, நீங்கள் வந்தாலும் விடுமுறை நாளில்தான். திரும்பும் பயணத்தை ஏற்பவர் அவசரப்படக்கூடாது. சிகிச்சைக்குப் பின் இரத்த அழுத்தம் குறைந்து சிலருக்குத் தலைசுற்றும், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசியவும் கூடும். ஆகவே தாதி சரி என்று சொன்ன பிறகே நோயாளியை எழுப்ப வேண்டும்.

ஒன்றைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். அந்தத் தாத்தா எண்ணெய்ச் செலவுக்குப் பத்து வெள்ளி நீட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். மறுத்த நாட்களில், அடுத்த முறை அழைக்கவே அவர் கூச்சப்பட்டார்.

தாதியர் ஒருவர் எழுதியது:

ஓட்டுநர் அண்ணன் சொன்ன எச்சரிக்கை இரத்த தானத்துக்கும் பொருந்தும். முந்தைய இரவு 5 மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருக்க வேண்டும், எடை 45 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது. இரவு வேலை வாரத்தில் வர வேண்டாம். பகல் வேலை வாரத்து விடுமுறை நாளில் வரலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் அதுவும் தொடர்பணிதான். இரத்தம் கொடுக்கச் செல்லக்கூடிய ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, நீங்கள் வேலைக்குப் போகும் ஈப்போவிலேயே இருக்கிறது.

தோட்ட அலுவலக எழுத்தர் எழுதியது:

என் அனுபவம் விண்ணப்பப் பாரங்களை நிரப்புவதைப் பற்றியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் வழங்கும் ரஹ்மா ரொக்க உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல், மேல்முறையீடு, பிறப்புப் பதிவு தொடர்பான கடிதங்கள் என்று ஆட்கள் வருவார்கள். குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும் என்பது இன்னும் சில வீடுகளுக்குத் தெரியாமலே இருக்கிறது.

ஒரு பாட்டிக்கு உதவித்தொகை வருவது நின்றிருந்தது. தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றே அவர் நம்பினார். பார்த்தால், வங்கிக் கணக்கு நெடுநாள் பயன்படுத்தப்படாமல் முடங்கியிருந்தது. பதிவுசெய்த தொலைபேசி எண்ணோ வெளியூர் சென்றுவிட்ட மகனுடைய பழைய எண். கணினியில் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. பாட்டியை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, கணக்கை உயிர்ப்பித்து, எண்ணை மாற்றுவதுதான் வேலை. வங்கி திறந்திருக்கும் வார நாளில் ஓய்வாக இருப்பவர்கள் எங்கள் குழுவில் யாருமில்லை. தம்பி, இரவு வேலை வாரத்தில் உறங்கி எழுந்த பிற்பகல் உங்களுக்கு ஓய்வாக இருக்குமானால், எங்களுக்குக் குறைவது அந்த நேரம்தான். பிறருடைய அடையாள அட்டையைப் படமெடுத்து உங்கள் கைப்பேசியில் வைத்திருக்கக்கூடாது, வங்கி அனுப்பும் குறியெண்ணை அவர்களே பார்த்துத் தட்ட வேண்டும் என்பவை மட்டும் எங்கள் கட்டாய விதிகள்.

இளைஞர் மன்ற உறுப்பினர் எழுதியது:

பதிவுபெற்ற அமைப்பின் கீழ் செய்வதே நல்லது என்பது என் கருத்து. 1956-இல் இளவரசர் பிலிப் பிரிட்டனில் தொடங்கிய இளைஞர் விருதுத் திட்டத்தின் மலேசிய வடிவமான அனுகெரா ரெமாஜா பெர்டானாவில் தொண்டும் ஒரு பகுதி. வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் என்பதே அதன் அளவு. ஆகவே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று யாரும் நாண வேண்டியதில்லை. நம் ஊர்க்காரரான முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைக் கொண்டுதான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அதற்கு முறையான கணக்கும் பதிவும் வேண்டியிருந்தன. ஆசிரியையின் குறிப்பேடு எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான்.

இரவுப்பணியாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வங்கி வேலையை ஏற்றுக்கொள்கிறேன். இரவு வேலை வாரங்களில் புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் என்னால் வர முடியும். பகல் வேலை வாரங்களில் வாசிப்பு வகுப்பில் இரண்டாம் ஆளாக இருக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

வாருங்கள் தம்பி. முதல் மாதம் பிள்ளைகளை உங்களிடம் தனியாக ஒப்படைக்கமாட்டேன். காசாளர் தம்பியோடு அமர்ந்து குறிப்பேட்டைப் படித்துப் பழகுங்கள்.

தோட்ட அலுவலக எழுத்தர் எழுதியது:

புதன்கிழமை சரி. இப்போதே மூன்று பேர் காத்திருக்கிறார்கள். உங்கள் இரவு வேலை வாரம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என்று வரிசைப்படுத்தி அனுப்புகிறேன். மோட்டார் சைக்கிளில் வந்தால் இன்னொரு தலைக்கவசம் கொண்டுவாருங்கள், அவர்களில் ஒருவருக்கு வீட்டிலிருந்து வங்கிக்குப் போக வண்டி கிடையாது.