மணிக்கட்டு வலி: நடுவில் பிரிந்த விசைப்பலகை வாங்கலாமா?

ஏட்டுக்கட்டு:
மொழிபெயர்ப்புப் பணிக்காக நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்கிறேன். ஆங்கில எழுத்துகளை வைத்து அடிக்கும் ஒலியியல் முறையே பழக்கம். சில மாதங்களாக, மாலையானால் இரு மணிக்கட்டுகளிலும் சுண்டுவிரல் பக்கம் வலி எடுக்கிறது. நடுவில் பிரிந்த விசைப்பலகை வாங்கச் சொல்கிறார்கள். விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. பயன்படுத்தியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நடுவிசை:
வழக்கமான பலகையில் விசைகள் நெருங்கி நடுவில் இருப்பதால், தோள்களிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்து வரும் கைகளை விசைகளுக்கு நேராக வைக்க, மணிக்கட்டுகளை வெளிப்புறமாக, அதாவது சுண்டுவிரல் பக்கம் வளைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் வலியின் இடம் இதோடு பொருந்துகிறது. பிரிந்த பலகை இந்த வளைவைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பணம் கொடுக்கும் முன், இப்போதுள்ள பலகையின் அடியில் பின்பக்கம் நிற்கும் இரு சிறு கால்களை மடக்கிவிடுங்கள். அவை பலகையைத் தூக்குவதால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறது. அந்த நிலையில் மணிக்கட்டுக் குகைக்குள், அதாவது விரல்களுக்குப் போகும் நரம்பு கடந்து செல்லும் குறுகிய வழிக்குள், நரம்பின் மீதான அழுத்தம் கூடுகிறது. அந்தக் கால்களை எதற்குத்தான் இன்னும் வைக்கிறார்களோ! வலக்கோடியில் தனி எண் விசைத் தொகுதி இல்லாத பலகையானால் மவுஸும் கைக்கு அருகில் வரும்.

குறில்நெடில்:
பலகையை மட்டுமல்ல, எழுத்து அடுக்கையும், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பையும் பாருங்கள். ஒலியியல் முறையில் 'வணக்கம்' என்று அடிக்க எட்டு எழுத்துகளோடு, ணகரத்துக்காகச் சுண்டுவிரலால் ஷிஃப்டையும் அழுத்த வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அடுக்கில் அதே சொல்லுக்கு ஆறு தட்டுகள் போதும். இரண்டு ககரத்தை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ண, ள, ற மூன்றுக்கும் ஷிஃப்டே தேவையில்லை.

வலச்சுழி:
தட்டுகள் குறைவது சரி. ஆனால் தமிழ்99-இல் ண, ச, ந, ய, ழ ஆகிய ஐந்தும் வலக்கைச் சுண்டுவிரலின் பங்காக விழுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். இடக்கைக்கு ஓய்வு கிடைக்கும். வலக்கைக்கு அந்த அளவு கிடைக்காது. ஆகவே முதலில் கால்களை மடக்கிச் சில வாரங்கள் பாருங்கள், அடுக்கை மாற்றுவது அதன் பிறகு. இடையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போனால், எந்தப் பலகையையும் வாங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.