காட்டு மண்சாலை, ஏரிக்கரை, 70 கி.மீ. சுற்று: காற்றைக் குறைத்தால் பஞ்சர், கூட்டினால் சறுக்கல்

மண்சாலைப்புதிது:
வண்டி நடமாட்டமே இல்லாத ஒரு சுற்றுக்குத் திட்டமிடுகிறேன். 70 கி.மீ., மொத்த ஏற்றம் 1,100 மீட்டர். ஒரு பாதி மலைக்காட்டு மண்சாலை, மறுபாதி ஏரியை ஒட்டிய பாதை. கிராவல் சைக்கிள் (மண், சரளைச் சாலைக்கானது), 700×38 டயர் (38 மி.மீ. அகலம்), உள்ளே ட்யூப். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 88 கிலோ. முன்னால் 40 பல்லுள்ள ஒரே பல்சக்கரம், பின்னால் 11 முதல் 34 பல் வரை.

காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ வைத்தால் பின் ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டை விழுகிறது. 50 வைத்தால் இறக்கத்து வளைவில் முன்சக்கரம் வழுக்குகிறது, கையும் மரத்துப்போகிறது. 10% ஏற்றம் வந்தால் கால் நின்றுவிடுகிறது. எதை முதலில் மாற்றுவது? சுற்றை எந்தத் திசையில் ஓட்டுவது நல்லது? ஏரித்தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா?

ஸ்போக்சாவி:
அருகருகே இரண்டு ஓட்டை என்றால் முள் குத்தவில்லை. கல்லின் விளிம்பில் டயர் நசுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் அகப்பட்டிருக்கிறது. உங்கள் எடைக்கும் 38 டயருக்கும் ட்யூபோடு 30 போதாது. பின்னால் 43, முன்னால் 40 வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 2 குறைத்துப் பாருங்கள். ரிம்மில் கல் தட்டும் சத்தம் கேட்டால் அதற்குமேல் குறைக்கக் கூடாது. காற்றழுத்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் கணிக்காதீர்கள். 35க்கும் 42க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. மானி வேண்டும், எப்போதும் அதே மானி.

நிலையான தீர்வு ட்யூப்லெஸ்தான், அதாவது ட்யூபுக்குப் பதில் ஓட்டையை அடைக்கும் திரவம் (சீலன்ட்) ஊற்றி ஓட்டுவது. நசுங்க ட்யூபே இல்லாததால் பின்னால் 36, முன்னால் 33 வரை தாராளமாக இறங்கலாம். பிரேமில் இடமிருந்தால் 42 அல்லது 45 டயருக்குப் போங்கள், இன்னும் 3, 4 பிஎஸ்ஐ குறையும். டயருக்கு இருபுறமும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் ஏரிக்கரைக் களிமண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது.

ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ்ஸுக்கு உரியவைதானா என்று முதலில் பாருங்கள். ரிம்மின் உள் அகலத்தைவிட 2, 3 மி.மீ. அகலமான டேப் வாங்குங்கள். ரிம்மை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டேப்பை நன்றாக இழுத்து ஒட்டி, முனைகள் ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி முடியுங்கள். வால்வுக்குச் சிறிய துளை போதும், கத்தியால் கீறினால் அங்கிருந்தே கிழியும். வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். டயர் விளிம்பில் சோப்புத்தண்ணீர் தடவி, வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு வேகமாகக் காற்றடித்தால் டயர் 'டப் டப்' என்று ரிம்மில் உட்காரும். ரிம்மிலும் டயரிலும் எழுதியிருக்கும் உச்ச அளவுகளில் எது சிறியதோ அதைத் தாண்டக் கூடாது. டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் என்றால் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐதான் எல்லை. பிறகு சக்கரத்துக்கு 60 மி.லி. சீலன்ட் ஊற்றி, ஆட்டி, ஒவ்வொரு பக்கமாகப் படுக்கவைத்து எடுங்கள்.

பலர் இத்தோடு மறந்துவிடுவார்கள். லேடெக்ஸ் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். அதன்பின் அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

மேடேறி:
டயர் பத்தி மேலே சொல்லியாச்சு, கியருக்கு வருவோம். 40 பல்லுக்கு 34 பல் போட்டா விகிதம் 1.18. உங்க சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதி (முழுச் சுத்து) மிதிச்சாலே மணிக்கு 9.3 கி.மீ. வேகத்துல ஏறியாகணும். 88 கிலோவை 10% மேட்டுல அந்த வேகத்துல ஏத்த ஏறக்குறைய 255 வாட் வேணும். பின்னால 42 பல் இருந்தா அதே மிதிக்கு 7.5 கி.மீ., 210 வாட்டுக்குள்ள முடிஞ்சிடும். உங்க காலைக் குறை சொல்லாதீங்க, கியர்தான் காரணம்.

ரெண்டு வழி இருக்கு. பின்னால 11–42 போடலாம், ஆனா செயினைப் பல்லுக்குப் பல் மாத்துற டெரெய்லர் 42 பல்லைத் தாங்குற ரகமான்னு முதல்ல பாருங்க. பழைய செயின் நீளமும் பத்தாது. குட்டையான செயினோட பெரிய பல்லுக்குத் தள்ளினா டெரெய்லர் பிய்ஞ்சிடும். செலவு கம்மியான வழி, முன்னால 36 பல் போடுறது. விகிதம் 1.06தான் வரும், பாதித் தீர்வு. ஆனா 36க்கு 11 வெச்சு 90 மிதியில 39 கி.மீ. வேகம் போகும், மண்சாலைக்கு அதுவே ஜாஸ்தி.

சரளை மேட்டுல எழுந்து நின்னு மிதிக்காதீங்க. பின்சக்கரத்து மேல இருந்து எடை விலகினதும் அது சும்மா சுத்தும். சீட் நுனிக்கு நகர்ந்து உக்காந்து, முழங்கையை மடக்கி, ஒரே சீரா மிதிங்க.

இறக்கத்துல முன்சக்கரம் வழுக்குறதுக்குக் காத்து மட்டும் காரணம் இல்ல. வளைவுக்குள்ள முன்பிரேக் பிடிக்கறீங்கன்னு நினைக்கிறேன். டயருக்கு இருக்கற பிடிமானம் ஒண்ணுதான். அதுலேர்ந்தே பிரேக்குக்கும் எடுத்து, திரும்பவும் எடுத்தா உதிரிக்கல் மேல ஒண்ணும் மிஞ்சாது. நேரா இருக்கும்போதே வேகத்தைக் குறைச்சிட்டு, வளைவுல பிரேக்கை விட்டுடுங்க. கை ஹேண்டிலோட கீழ்ப்பிடியில இருக்கட்டும், வளைவுக்கு வெளிப்பக்கக் கால் கீழ. பார்வை நீங்க போகவேண்டிய இடத்துல. பள்ளத்தைப் பாத்தா பள்ளத்துக்குத்தான் போவீங்க.

அப்புறம் டெரெய்லர் ஹேங்கர், டெரெய்லரைப் பிரேமோட பிடிச்சிருக்கற துண்டு. சைக்கிள் வலது பக்கமா விழுந்தா மொதல்ல வளையறது அதுதான். வளைஞ்சது தெரியாம பெரிய பல்லுக்குப் போனா டெரெய்லர் ஸ்போக்குல மாட்டி எல்லாம் நாசம். அது பிரேமுக்குப் பிரேம் வேற, கடைக்குக் கடை கிடைக்காது. உங்க பிரேமுக்கான ஒண்ணைப் பையில போட்டு வெச்சிருங்க. செயின் இணைப்பும் அப்படித்தான், 11 வேகத்துக்கு உள்ளது 12க்குச் சேராது.

கரைவழி:
திசையைப் பற்றி: இறுகிய சாலையில் செங்குத்தான பக்கமாக ஏறுங்கள், உதிரிக்கல் உள்ள பக்கம் சாய்வு குறைவாக இருந்தால் அதில் இறங்குங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் அமைந்தால், 12%க்கு மேல் உதிரிக்கல்லில் இறங்குவதைவிட அதில் ஏறுவதே மேல். ஏறும்போது சறுக்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். மலையை முதலில் முடித்துவிடுங்கள், கால் தளர்ந்தபின் ஏரிக்கரையைச் சமாளிக்கலாம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் பாதையைத் தொட்டு 'ட்ராக்டைப்' (மண்பாதையின் தரம்) என்ன என்று பாருங்கள். கிரேடு 1 கெட்டியான தளம், கிரேடு 5 புல்லும் மென்மண்ணும். உங்கள் டயருக்கு 1 முதல் 3 வரை சரி, 4 மழைக்குப்பின் வேண்டாம். 'கிராவல்' என்று குறித்திருந்தால் ஏமாறாதீர்கள். அந்த வரைபடத்தில் அது கூர்மையான பெரிய ஜல்லியைக் குறிக்கும். நாம் தேடுவது 'கம்பாக்டட்' (இறுக்கிய தளம்) அல்லது 'ஃபைன் கிராவல்' (பொடிக்கல்). சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதையும் தனியாகப் பாருங்கள். கார் வராமல் குறுக்குக்கட்டை போட்ட பாதை என்பதாலேயே சைக்கிளை விடுவார்கள் என்று சொல்ல முடியாது. மரம் வெட்டும் காடென்றால் வேலைநாட்களில் லாரி வரும்.

ஏரிக்கரை என்றால் சமதளம் என்று எண்ணவேண்டாம். 10 மீட்டர் சமஉயரக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் 6 மீட்டர் மேடு வரைபடத்தில் தெரியாது. அப்படி இருபது வந்தால் 120 மீட்டர் கணக்கில் வராத ஏற்றம். பழைய ரயில்தடம் கரையோரம் போனால் அதைப் பிடியுங்கள், சாய்வு பெரும்பாலும் 2%க்குள் இருக்கும். நேரக்கணக்கு தார்ச்சாலை போல வேண்டாம், மணிக்கு 14, 15 கி.மீ. வையுங்கள். மிதிக்கும் நேரம் மட்டுமே ஐந்து மணிநேரத்துக்கு அருகில் வரும்.

தண்ணீர்: இழை வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. கரையில் பச்சை வண்ணம் கரைத்ததுபோல் படலம் இருந்தால் தொடவே வேண்டாம். நீலப்பச்சைப் பாசியின் நச்சு அந்த வடிகட்டியிலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. மலையிலிருந்து ஏரிக்கு வந்துசேரும் ஓடையில், ஏரிக்கு மேலேயே பிடித்து வடிகட்டுங்கள்.

மண்சாலைப்புதிது:
நன்றி. முதலில் ட்யூப்லெஸ், பிறகு 36 பல். ட்யூப்லெஸ் போட்டபின் மாற்று ட்யூப் எடுத்துப்போக வேண்டுமா?

ஸ்போக்சாவி:
கட்டாயம். முள்ளோட்டையைச் சீலன்ட் அடைக்கும், 5 மி.மீ. வரை ரப்பர்த் திரியைச் செருகி அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் இரண்டும் உதவாது. கிழிசலுக்கு உட்புறம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ட்யூப் போடவேண்டும். அதற்குமுன் டயரின் உட்புறம் முழுவதும் துணியால் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்துவைத்த பழைய முட்கள் அங்கேயே நின்றிருக்கும். அவற்றை எடுக்காமல் ட்யூப் போட்டால் நூறு மீட்டர் போவதற்குள் அடுத்த பஞ்சர். ட்யூப் போட ட்யூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும்; அதன் நட்டு கையால் திருக வராவிட்டால் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது, சின்னக் குறடு ஒன்று இருக்கட்டும்.